பக்கமும் பனுவலும்: பிடிஎஃப்பில் உறைந்த ஆய்வேடுகள்

முனைவர் பட்ட ஆய்வேடு முடிவடையும் நாளில் அதன் ஆசிரியரிடம் இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று, கெட்டி அட்டையில் பொன்னிற எழுத்துப் பொறித்த படி. மற்றொன்று, பிடிஎஃப் கோப்பு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பிறகு ஆய்வேட்டின் மின்படியை ஒப்படைப்பது இந்தியப் பல்கலைக்கழகங்களில் நிலைபெற்ற நடைமுறை. காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையத்தின் சோத்கங்கா களஞ்சியத்தில் அவை இயல்வாரியாகப் பிரிந்த பிடிஎஃப் கோப்புகளாகச் சேர்கின்றன. ஆய்வேடு எந்தக் கோப்பில் தட்டச்சாயிற்றோ அந்த மூலக்கோப்பு யாரிடம் இருக்கிறது என்று அன்று எவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வி சில ஆண்டுகள் கழித்தே எழுகிறது. எழும்போது பெரும்பாலும் விடை இருப்பதில்லை.

வட இந்திய நகரம் ஒன்றில் தமிழ் மொழியியலில் பட்டம் பெற்ற ஓர் ஆய்வாளருக்கு அது நேர்ந்தது. அந்நகரில் தமிழ்த் தட்டச்சுக்கு ஆள் கிடையாது. ஆகவே விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் கையெழுத்துப் படியை ஒரு டிடிபி மையத்தில் கொடுத்து, மெய்ப்புப் பார்த்து, இயல் இயலாக ஆய்வேட்டை முடித்தார். வாய்மொழித் தேர்வும் நன்றாகவே நடந்தது. புறத்தேர்வாளர் ஒரு பகுதியை விரித்தெழுதி நூலாக்கும்படி பரிந்துரைத்தார். பதிப்பாளர் ஒருவர் இசைவு தெரிவித்தபோது அந்த டிடிபி மையம் மூடப்பட்டிருந்தது, கணினிகள் விற்கப்பட்டிருந்தன. எஞ்சியது பிடிஎஃப் மட்டுமே. பதிப்பாளர் கவலைப்படவில்லை. “பிடிஎஃப் இருக்கிறதல்லவா, போதும் சார், வேர்டாக மாற்றிக்கொள்ளலாம்” என்றார். அந்த ஒரு சொற்றொடருக்குள் எத்தனை மாத வேலை அடங்கியிருந்தது என்பதை இருவருமே அப்போது அறிந்திருக்கவில்லை.

பிடிஎஃப் எதற்காகப் பிறந்தது என்பதை நினைவுகூர்ந்தால் இந்தச் சிக்கலின் வேர் தெரியும். அடோபி நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஜான் வார்னாக் 1991இல் ‘கேம்லாட்’ என்ற பெயரில் ஒரு திட்டவரைவு எழுதினார். ஒரு கணினியில் உருவான ஆவணம் வேறெந்தக் கணினியிலும், எந்த அச்சுப்பொறியிலும், அதே தோற்றத்தில் வெளிப்பட வேண்டும் என்பது அதன் நோக்கம். 1993இல் பிடிஎஃப் வெளிவந்தது. 2008இல் பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பின் தரமாகவும் ஆயிற்று. தோற்றம் மாறாது என்ற வாக்குறுதியை அது இன்றுவரை காப்பாற்றி வருகிறது. ஆனால் ஆவணத்தைத் திருத்தலாம் என்ற வாக்குறுதியை அது முதன்மையாக எப்போதும் தந்ததில்லை. தராத ஒன்றை அதனிடம் கேட்பதில்தான் துன்பம் தொடங்குகிறது.

பிடிஎஃப் பக்கத்தின் உள்ளே சென்று பார்த்தால் அங்கே சொற்களைக் காண முடியாது. பக்கம் என்பது ஒரு தளம். ஓர் அங்குலம் 72 அலகுகளாகப் பகுக்கப்படுகிறது. அந்தக் கணக்கில் ஏ4 தாள் ஏறத்தாழ 595 அலகு அகலமும் 842 அலகு உயரமும் உடையது. கோப்பில் இருப்பவை கட்டளைகள்: இந்த எழுத்துருவை எடு, இந்தப் புள்ளிக்குச் செல், இத்தனையாவது வடிவத்தை அங்கே வரை. அவ்வளவே. வரி, பத்தி, தலைப்பு, அட்டவணை, அடிக்குறிப்பு என்ற கருத்துகளுக்கு அங்கே கட்டாய இடமில்லை. இரு சொற்களுக்கு இடைப்பட்ட வெற்றிடம்கூடப் பல கோப்புகளில் ஓர் எழுத்தாகப் பதிவாவதில்லை. அடுத்த வடிவத்தைச் சற்றுத் தள்ளி வரை என்ற கட்டளையாகவே அது இருக்கிறது. பத்தி எது, தலைப்பு எது என்று அடையாளமிடும் வசதி 2001இல் வந்த பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. ஆயினும் அது விருப்பத்துக்கு விடப்பட்டதால், ஆய்வேட்டுக் கோப்புகளில் அதைக் காண்பது அரிது.

ஆக, பிடிஎஃப்பை வேர்டாக மாற்றும் மென்பொருள் செய்வது மொழிபெயர்ப்பும் அன்று, படியெடுப்பும் அன்று, அது ஊகம். வரியின் தொடக்கம் சற்று உள்ளடங்கியிருந்தால் புதிய பத்தி என்று ஊகிக்கிறது. எழுத்துப் பெரிதாகவும் தடித்தும் இருந்தால் தலைப்பு என்று ஊகிக்கிறது. நெடுக்கிலும் கிடையிலும் கோடுகள் வெட்டிக்கொண்டால் அட்டவணை என்கிறது. படிப்பவரின் கண்ணும் இதையேதான் செய்கிறது. ஆனால் படிப்பவருக்குப் பொருள் புரிகிறது. மென்பொருளுக்குத் தூரங்கள் மட்டுமே தெரிகின்றன.

மாற்றப்பட்ட கோப்பை அந்த ஆய்வாளர் முதலில் திறந்தபோது எல்லாம் சரியாகவே தோன்றியது. பக்க எண்கள் இருந்த இடத்தில் இருந்தன; வரிகள் முறிந்த இடத்திலேயே முறிந்தன. மூன்றாம் இயலின் முதல் பத்தியில் ‘பெரும்பாலும்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தார். வரியின் கடைசிச் சொல் கீழே விழுந்து தனி வரியாக நின்றது. அடுத்த வரி அதை ஏற்றுக்கொள்ளாமல் அதன் கீழிருந்து தொடங்கியது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் பத்திக் குறி இருந்தது. மென்பொருளின் கணக்கில் ஒவ்வொரு வரியும் ஒரு பத்தி. பக்கத்தின் கடைசி வரி அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்பட்டு அங்கே தன்னந்தனியாக நின்றது. அதற்குக் கீழே பக்கம் முழுதும் வெறுமை. ஏனெனில் ஒவ்வொரு பக்க முடிவிலும் ஒரு பிரிவு முறிவு இடப்பட்டிருந்தது. ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் விலையாயிற்று.

இங்கே மாற்று மென்பொருள்கள் பலவற்றில் உள்ள ஒரு தெரிவைச் சொல்ல வேண்டும். பக்கத் தோற்றத்தைக் காக்கும் முறை ஒன்று. உரையோட்டத்தைக் காக்கும் முறை மற்றொன்று. முதல் முறையில், ஒவ்வொரு துண்டும் உரைப்பெட்டிக்குள் அடைக்கப்பட்டு அதனதன் இடத்தில் ஆணியடித்தாற்போல் நிற்கும். பார்க்க அழகு, தொட்டால் சிதறும். இரண்டாம் முறையில் தோற்றம் கலையும். ஆனால் வரிகள் பத்திகளாக ஒன்றுசேரும். திருத்தப்போகிறவருக்கு வேண்டியது இரண்டாவது. ஆனால் திரையில் மூலத்தைப் போலவே தெரிவது முதலாவது என்பதால், அதுவே நல்ல மாற்றம் என்று நம்பி அதையே தேர்ந்தெடுக்கிறார்கள். தோற்றம் எந்த அளவுக்கு மூலத்தை ஒத்திருக்கிறதோ, பல வேளைகளில் உள்ளமைப்பு அந்த அளவுக்குச் செயற்கையாக இருக்கிறது.

உரையோட்டத்தைக் காக்கும் முறையில் மறுபடி மாற்றியபோது வேறு வகையான குறைகள் வெளிப்பட்டன. பக்கத்தின் தலையில் ஓடும் ‘இயல் மூன்று: துணைவினைகள்’ என்ற வரி, இரு பக்கங்களில் தொடரும் வாக்கியத்தின் நடுவே வந்து அமர்ந்தது. அடிக்குறிப்பு எண்கள் மேலே ஏறி நிற்கும் தன்மையை இழந்து பக்கத்துச் சொல்லோடு ஒட்டின. சொல்லோடு ஒட்டினால் கண்ணுக்குத் தெரியும். ஆண்டோடு ஒட்டினால்? 1968 என்ற ஆண்டின் தோளில் இருந்த மூன்றாம் அடிக்குறிப்பு எண் 19683 என்று ஆயிற்று. அதையாவது பிழை என்று உணரலாம். ‘பக்கம் 4’ என்பதன் மேல் இருந்த 7, ‘பக்கம் 47’ என்று ஆகும்போது அதைப் பிழையென்று சொல்ல எந்த அறிகுறியும் இல்லை. மெய்ப்புத் திருத்துபவர் அதைக் கடந்து சென்றுவிடுவார். நூலை நம்பி மேற்கோளைத் தேடிச் செல்லும் மாணவர் 47ஆம் பக்கத்தில் எதையும் காணமாட்டார்.

எழுத்துருவும் தன் பங்குக்குச் சிக்கலைச் சேர்த்தது. கோப்பின் அளவைக் குறைக்கும் பொருட்டு, ஆவணத்தில் பயன்பட்ட வடிவங்களை மட்டுமே பிடிஎஃப் தன்னுள் பொதிந்துகொள்வது வழக்கம். வேர்டில் மாற்றும்போது அந்த அரைகுறை எழுத்துரு பயன்படாது; கணினியில் உள்ள வேறொரு தமிழ் எழுத்துரு அந்த இடத்துக்கு வரும். அதன் அகலம் வேறு. பழைய வரி அளவுக்குள் புதிய எழுத்துகளைத் திணிக்க, மென்பொருள் எழுத்து இடைவெளியைப் புள்ளியின் பத்தில் ஒரு பங்கு, இரு பங்கு என்று வரிதோறும் வெவ்வேறாகக் குறைத்திருந்தது. புதிதாகத் தட்டச்சிட்ட தொடர் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விரிந்தும் தோன்றியதன் காரணம் அதுவே. வரி உயரத்தையும் அது இம்மியளவும் பிசகாதபடி நிறுத்தியிருந்தது. ஆங்கிலத்துக்கு அந்த உயரம் போதலாம். தமிழில் மேலே புள்ளியும் கொக்கியும், கீழே உகர ஊகாரச் சுழிகளும் உண்டு. நிறுத்தப்பட்ட உயரத்துக்கு மேல் இருந்த புள்ளி திரையில் வெட்டுப்பட்டது. கோப்பில் ‘க்’ இருக்கிறது. பார்வைக்கு ‘க’ தெரிகிறது. இல்லாத பிழையைத் திருத்தி இன்னொரு புள்ளியை இட்ட இடங்களும் உண்டு.

மொழியியல் ஆய்வேட்டில் இவற்றைவிடக் கொடியது எடுத்துக்காட்டுகளின் நிலை. ஓர் எடுத்துக்காட்டு மூன்று வரிகளால் ஆனது. ‘அவன் சட்டையைக் கிழித்துக்கொண்டான்’ என்ற தொடர், உருபன்களாகப் பிரிக்கப்பட்டு முதல் வரியில் நிற்கும். ஒவ்வோர் உருபனுக்கும் நேர் கீழே அதன் இலக்கணப் பொருள் இரண்டாம் வரியில் வரும். மூன்றாவது வரி மொழிபெயர்ப்பு. முதல் இரு வரிகளின் நேர்நிலை அழகுக்காக அமைந்ததன்று. எந்த உருபன் வேற்றுமையைக் குறிக்கிறது, எது காலத்தைக் குறிக்கிறது, எது துணைவினை என்ற வாதம் முழுவதும் அந்த நேர்நிலையில்தான் இருக்கிறது. மாற்றத்துக்குப் பின் இடைவெளிகள் சுருங்கி, இரண்டாம் வேற்றுமையின் குறி வினைக்குக் கீழே சென்று நின்றது. படிப்பவர் கண்ணில் அது தளக்கோலப் பிழையாகப் படாது. ஆய்வாளருக்கு இலக்கணம் தெரியவில்லை என்றே படும்.

ஒலிபெயர்ப்பிலும் இதே கதை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் முறைப்படி, உரோமன் எழுத்தில் லகரத்துக்குக் குறியில்லை. ளகரத்துக்குக் கீழே ஒரு புள்ளி. ழகரத்துக்குக் கீழே ஒரு கோடு. அந்தப் புள்ளியும் கோடும் தனி வடிவங்களாக வரையப்பட்டிருந்த இடங்களில் அவை உதிர்ந்தன. அல்லது அடுத்த எழுத்தின் கீழே சென்று ஒட்டின. வலி, வளி, வழி மூன்றும் ஒரே சொல்லாயின. இவற்றை வேறுபடுத்திக் காட்டுவதற்காகவே ஓர் இயல் எழுதியவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிடிஎஃப்பிலேயே நேரடியாகத் திருத்திவிடலாமே என்று கேட்கலாம். ஓர் எழுத்தை மாற்றும் அளவுக்கு அது பயன்படும். ஆனால் அங்கே வரி வழிந்தோடுவதில்லை. நீண்ட சொல் பக்க ஓரத்தைத் தாண்டி நீண்டுகொண்டே போகும். மேலும், பொதிந்த எழுத்துருவில் இல்லாத வடிவத்தை அங்கே புதிதாக எழுத முடியாது. ஆய்வேடு முழுவதிலும் ‘ஞௌ’ ஒருமுறையும் வராதிருந்தால், அந்த எழுத்து அந்தக் கோப்பின் உலகில் இல்லை.

இதுவரை சொன்னவை எந்த மொழிக்கும் பெருமளவு பொதுவானவை. தமிழுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அதே துறையில், வேறோர் ஆய்வாளரின் மேசையில் அது வெளிப்பட்டது. தற்கால எழுத்துத் தமிழில் துணைவினைகளின் வருகையை எண்ணுவது அவர் பணி. பிடிஎஃப் நூல்களிலிருந்து உரையை எடுத்து, ஒவ்வொரு வினையாகத் தேடி அட்டவணையிட்டார். விடு, இரு, வா, பார் ஆகியவை நிறையக் கிடைத்தன. கொள், போ, போடு, வை, தொலை ஆகியவை அருகியே காணப்பட்டன. முதல் பார்வையில் அது ஒரு கண்டுபிடிப்புப் போலவே இருந்தது. ஒரு கருத்தரங்கக் கட்டுரைக்கு உரிய தலைப்புகூட அதிலிருந்து எழக்கூடும். ஆனால் அவர் அட்டவணையை மீண்டும் மீண்டும் பார்த்தார். குறைந்தவற்றுக்குப் பொருளால் ஒற்றுமை இல்லை. தொடரியலால் ஒற்றுமை இல்லை. ‘கொள்’ அருகிவிட்டது என்பதை எந்தத் தமிழ்க் காதும் ஒப்பாது. ஒற்றுமை வேறோர் இடத்தில் இருந்தது. அவை எல்லாவற்றிலும் மெய்யெழுத்துக்கு முன்னால் எழுதப்படும் ஒரு குறி இருந்தது: ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, அல்லது ஐகாரச் சங்கிலிக்கொம்பு.

காரணம் எளியது. யூனிகோடு, ஒலிக்கும் வரிசையில் எழுத்தைச் சேமிக்கிறது. முதலில் ககர மெய்க்குரிய குறி, பிறகு ஒகர உயிர்க்குறி. திரையில் வரையும்போது எழுத்துரு அதைப் பிரித்து, கொம்பை முன்னும் காலைப் பின்னுமாக வைக்கிறது. பிடிஎஃப் பதிவு செய்வது வரையப்பட்ட வரிசையை: கொம்பு, ககரம், கால். திரும்ப எடுக்கும்போது அதே வரிசையில் எழுத்துகள் வெளிவந்தால், பார்வைக்குக் கொம்பு முன்னதாக இருப்பதால் பிழை உடனே புலப்படாமலும் போகலாம். அல்லது கொம்புக்கு அருகே ஒரு புள்ளிவட்டம் தோன்றலாம். எப்படியாயினும் தேடுபொறிக்கு அது ‘கொண்டு’ அன்று. ஔகாரத்தின் வலப்பாதி ளகரத்தோடு வடிவ ஒற்றுமை உடையதால் ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ ஆகிவிடுவதும் இவ்வகையே. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, கணினிக்கு வேறு சொல். வரையப்பட்ட வடிவத்துக்குப் பின்னால் உண்மையான உரையைப் பதிந்துவைக்கும் ஏற்பாடு பிடிஎஃப் தரத்திலேயே இருக்கிறது. அதை எழுதிவைக்கும் மென்பொருள்கள் எல்லாமும் அல்ல.

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அமைந்த கோப்புகள் இன்னும் ஒரு படி கடினம். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்ற சொல், கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் முகமூடியை அணிவிக்கிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் ‘தாம்’, ‘தாப்’ குறியாக்கங்கள் தரமாக அறிவிக்கப்பட்டன. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. இடைப்பட்ட காலத்தில் அச்சகத்துக்கு அச்சகம், டிடிபி மையத்துக்கு மையம் வெவ்வேறு குறியாக்கங்கள் புழங்கின. அந்தக் காலத்து ஆய்வேடுகளில் மூலக்கோப்பு இருந்தால், எழுத்துருவின் பெயரை அறிந்து மாற்றியால் ஒருங்கே மாற்றிவிடலாம். பிடிஎஃப் மட்டுமே எஞ்சியிருந்தால், பல வேளைகளில் பக்கத்தைப் படமாகக் கருதி எழுத்துணரி வழியே மீண்டும் படிக்கவைப்பதே எஞ்சும் வழி.

இந்தச் சிக்கல் தமிழுக்குப் புதியது என்று சொல்லிவிட முடியாது. ஏட்டுச்சுவடியில் புள்ளி இடுவதில்லை, ஓலை கிழியும். எகர ஏகார வேறுபாடு வரிவடிவில் இல்லை. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதற்கு வரி மாற்றம் இல்லை. ஓலை முடியும் வரை எழுத்து ஓடும். 1887இல் சீவகசிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் போன்றவர்கள் செய்த பணியில் பெரும்பகுதி, குறிகளிலிருந்து பனுவலை மீட்டெடுப்பது. சொல்லை அறிந்தவர் கண்ணே புள்ளியை இட்டது. யாப்பை அறிந்தவர் காதே வரியைப் பிரித்தது. இன்றைய பிடிஎஃப்பில் குறிகள் துல்லியமாக இருக்கின்றன, அமைப்பு இல்லை. வேறுபாடு ஒன்று உண்டு. ஏடெழுதியவருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆய்வேட்டைத் தட்டச்சிடும்போதோ பத்தி, தலைப்பு, அடிக்குறிப்பு எல்லாம் தெளிவாகவே இருந்தன. ஒப்படைக்கும் நாளில் அவை களையப்பட்டன.

களையப்பட்டதன் விலையை எல்லோரும் சமமாகத் தருவதில்லை. பார்வையுள்ளவர் சிதைந்த கோப்பைக் கண்ணால் படித்துக்கொள்வார். பார்வையற்ற மாணவர் என்விடிஏ போன்ற திரைவாசிப்பானின் குரலைக் கேட்டுப் படிக்கிறார். கொம்பு முன்னே நிற்கும் கோப்பில் அந்தக் குரல் தடுமாறும். பாமினிக் கோப்பில் ஆங்கில எழுத்துகளை வரிசையாக ஒப்பிக்கும். இரு பத்தியாக அச்சிட்ட பக்கத்தை இடம் வலமாகக் குறுக்கே வாசிக்கும். அறிவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று ஒரு களஞ்சியம் சொல்லும்போது, அந்த ‘எல்லோரில்’ அவர் இருக்கிறாரா என்பதை எழுத்துரு முடிவு செய்கிறது.

ஒப்புமைச் சோதனைக்கும் இது பொருந்தும். கருத்துத் திருட்டைத் தடுக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளில், பத்து விழுக்காடு வரையிலான ஒப்புமை தண்டனைக்கு உரியதன்று. சோதிக்கும் மென்பொருள் எழுத்தை ஒப்பிடுகிறதே தவிர வடிவத்தை ஒப்பிடுவதில்லை. கொம்பு இடம்மாறிய தமிழ்க் கோப்பையும் சரியான தமிழ்க் கோப்பையும் அருகருகே வைத்தால், ஒரே பத்தியாக இருந்தும் அவற்றைப் பெருமளவு வேறு வேறாகவே அது காணக்கூடும். சான்றிதழில் அச்சாகும் சிறிய எண் நேர்மைக்கும் சான்றாகலாம். குறியாக்கக் கோளாறுக்கும் சான்றாகலாம். எது என்று அந்த எண் சொல்வதில்லை.

நூலாக்க முனைந்த ஆய்வாளர் கடைசியில் செய்தது இதுதான். மாற்றப்பட்ட கோப்பின் வடிவமைப்பு அனைத்தையும் துறந்து, வெறும் உரையாகச் சேமித்தார். பத்திக்கு உரிய முறிவையும் வரிக்கு உரிய முறிவையும் பிரித்தறிந்து இரண்டாவதை நீக்கினார். தலைப்பு, பத்தி, மேற்கோள், எடுத்துக்காட்டு ஒவ்வொன்றுக்கும் வேர்டின் பாணி வசதியில் தனித்தனிப் பாணியை அமைத்து, கையால் எழுத்தைப் பெரிதாக்குவதையும் இடைவெளிப் பொத்தானால் தள்ளுவதையும் அடியோடு விட்டார். அடிக்குறிப்புகளை ஒவ்வொன்றாக மீண்டும் செருகினார். எடுத்துக்காட்டுகளைக் கோடில்லா அட்டவணைகளில் கட்டம் கட்டமாகத் தட்டச்சிட்டார். ஒவ்வோர் ஆண்டையும் பக்க எண்ணையும் அச்சுப்படியோடு ஒப்பிட்டார். மூன்று மாதங்கள் ஆயின. புறத்தேர்வாளர் கேட்ட புதிய பகுதியை எழுத அவருக்கு மூன்று வாரங்களே ஆயின என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு முழுமையாகும்.

ஆய்வேட்டை இப்போது எழுதிக்கொண்டிருப்பவர்கள் இந்த மூன்று மாதங்களைத் தவிர்க்கலாம். மூலக்கோப்பைத் தட்டச்சு மையத்தில் விட்டுவைக்காமல், ஒவ்வோர் இயலும் முடிந்த அன்றே பெற்று, குறைந்தது இரண்டு இடங்களில் வைத்திருக்க வேண்டும். பயன்படுத்திய எழுத்துருவின் பெயரையும் உடன் எழுதிவைக்க வேண்டும். யூனிகோடில் மட்டுமே தட்டச்சிட வேண்டும் என்று மையத்தாரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்; கடைசி நாளில் சொன்னால் அதுவும் ஒரு மாற்றமாகிவிடும். தலைப்புகளைப் பாணி வசதியால் அமைத்தால், பிடிஎஃப்பாகச் சேமிக்கும்போது அமைப்புக் குறிகளையும் உடன் பதியும் வாய்ப்பு வேர்டிலும் லிப்ரேஆபீஸிலும் உண்டு. அச்சுப்பொறிக் கட்டளை வழியே பிடிஎஃப் எடுத்தால் பெரும்பாலும் அது இராது. லாடெக் பயன்படுத்துவோர், வரைந்த வடிவத்தோடு மெய்யான உரையையும் பதியும் ஏற்பாட்டை இயக்கிக்கொள்ளலாம். பிறர் உருவாக்கிய பிடிஎஃப்பிலிருந்து தரவு எடுப்பவர்கள், எண்ணத் தொடங்கும் முன் ‘கொண்டு’, ‘வேண்டும்’, ‘வைத்து’ என்ற மூன்று சொற்களைத் தேடிப் பார்த்தால் போதும். பல பக்கம் கொண்ட தமிழ்க் கோப்பு ஒன்றில் இம்மூன்றும் கிடைக்கவில்லை என்றால் குறை மொழியில் இல்லை.

துறைகளும் நூலகங்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒப்படைப்புப் படிவத்தில், பிடிஎஃப்போடு மூலக்கோப்பையும் பெறுவதற்கு ஒரு வரி சேர்க்கலாம். அது பொதுப்பார்வைக்கு வராமல் காப்பில் இருந்தாலும் போதும். தமிழ் ஆய்வேடாயின், ஒரு பக்கத்தை நகலெடுத்து வெற்றுக் கோப்பில் ஒட்டிப் பார்த்து, எழுத்துச் சரியாக வருகிறதா என்று சோதிக்கலாம். விளிம்பு ஒன்றரை அங்குலம் இருக்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பார்க்கும் அலுவலகங்களுக்கு இது பெரிய சுமையாகாது. விளிம்பின் அளவு கட்டடம் செய்பவருக்குத் தேவை. எழுத்தின் வரிசை இனி வரும் ஒவ்வொரு வாசகருக்கும் தேவை.

பக்கத்தை மாறாமல் காப்பது நல்ல நோக்கமே. மேற்கோள் காட்ட நிலையான பக்க எண் வேண்டும்; சான்றாவணம் கைக்குக் கை மாறக்கூடாது. ஆனால் ஆய்வு என்பது திருத்தப்படவும், தேடப்படவும், எண்ணப்படவும், மறுக்கப்படவும் வேண்டிய ஒன்று. அதற்குப் பக்கத்தின் தோற்றம் உதவாது, பனுவல் வேண்டும். ஓர் ஆய்வேட்டில் ஒரு சொல்லைத் தேடி அது இல்லை என்று விடை வந்தால், அந்த ‘இல்லை’ ஆய்வாளர் எழுதாததால் வந்ததாக இருக்க வேண்டும். ஒரு கொம்பு தவறான பக்கத்தில் நின்றதால் வந்ததாக இருக்கக் கூடாது.